தகரத்தில் வெட்டிய மலைக்காற்று

பிஸ்கட் டின் மூடியைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தகரக் கத்தரியால் அதில் வட்டம் வெட்டிக்கொண்டிருந்தார் கஜபதி. வட்டம் வந்ததும் விளிம்பை அரத்தால் ராவினார். நடுவில் ஆணியை வைத்துத் தட்டி ஓட்டை போட்டார். அந்த ஓட்டையை உருட்டு அரத்தால் சுற்றிச் சுற்றிப் பெரிதாக்கி, வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது, ஆனால் தாராளமாகப் போகவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியது.

"இன்னா மச்சான், இடியாப்பத் தட்டா?" என்றார் பட்டறை முதலாளி வீரராகவன். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் தோற்றவர்கள். அதனால் முதலாளி, தொழிலாளி என்ற பேச்சு அவர்களுக்குள் கிடையாது.

"இது லடாக்குடா. பதினெட்டாயிரம் அடி. ஒரே ஓட்டைல அடக்கிட்டேன்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் எது வேண்டுமானாலும் கிடைக்கும், மலைக்காற்று மட்டும் கிடைக்காது. சுற்றுவட்டாரத்தில் உயரமான இடம் என்றால் பாடி மேம்பாலம்தான். பதினெட்டாயிரம் அடி உயரத்தில் காற்று ஏறக்குறைய பாதியாகிவிடும். மனிதனுக்கு மூச்சு வாங்குவது போலவே என்ஜினுக்கும் வாங்கும். இங்கே இருந்துகொண்டே அதைச் சோதிக்க வேண்டுமென்றால், என்ஜின் காற்றை இழுக்கும் வாயை இப்படி ஒரு தகரத்தால் அடைத்து, சின்ன ஓட்டை வழியாக மூச்சுவிடச் சொல்ல வேண்டும். துல்லியமான வழி இல்லைதான். ஆனால் எந்த என்ஜின் திணறும், எது தாங்கும் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

தகரம் ரெனிதாவின் காருக்காக. காட்டுப்பாக்கத்துப் பெண். இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை, ஞாயிறு காலை சர்ச், மீதி நேரமெல்லாம் கார். மேல்மூடி இல்லாத இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மூன்று வருடமாகத் தானே கட்டிக்கொண்டிருந்தாள். சிவப்பு நிறம், முழங்கால் உயரம். அதில் ஏற வேண்டும் என்றால் முதலில் உட்காரும் முடிவை எடுத்துவிட்டு அப்படியே விழ வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை லடாக் பக்கம் ஒரு கணவாயில் கார் பைத்தியங்கள் கூடி, யார் வேகமாக மேலே ஏறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். போன வருடம் ரெனிதா தன் பழைய காரை எடுத்துப் போனாள். உச்சிக்குக் கொஞ்சம் கீழே அது படுத்துவிட்டது. உருளைக்கிழங்கு லாரியில் காரை ஏற்றி, மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இறங்கி வந்தாள். அந்தப் போட்டோ எல்லோருடைய போனிலும் இருக்கிறது.

"அண்ணே, ஃபர்ஸ்ட் வர்றதெல்லாம் வேணாம். என் கார்லயே மேல ஏறி, என் கார்லயே இறங்கணும். உருளைக்கிழங்கு மட்டும் வேணாம்" என்று கஜபதியிடம் சொல்லியிருந்தாள்.

என்ஜின்தான் மிச்சம். பட்டறையில் இரண்டு தயாராக இருந்தன. ஒன்று பெரிய ஆறு சிலிண்டர், ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியது. ஸ்டார்ட் செய்தால் புலி கொட்டாவி விடுவது போல இருக்கும். அதைக் கேட்டுவிட்டு வேறு என்ஜினைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் மனசு வராது. மற்றொன்று சின்ன நாலு சிலிண்டர். பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பக்கவாட்டில் டர்போ இருந்தது. புகை வெளியே போகிற வேகத்திலேயே சுற்றி, வெளிக்காற்றை இழுத்து அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுகிற சின்ன காற்றாடி.

கஜபதிக்கு இதில் சந்தேகமே இல்லை. "பெருசு தானா இழுத்தாத்தான் மூச்சு. மேல காத்து பாதின்னா அதுக்கு பலமும் பாதி. சின்னதுக்குப் பக்கத்துலயே ஆள் நின்னு ஊட்டி விடுது. மலைக்கு இதான்" என்றார். ரெனிதாவும் அதையேதான் நினைத்திருந்தாள். காரில் சின்ன என்ஜினுக்குத்தான் தாங்கிகள் வைத்து முடித்திருந்தார்கள். கஜபதி ஒருமுறை காது வைத்துக் கேட்டுவிட்டால் பூட்டிவிடலாம்.

அந்தப் பட்டறையின் வழக்கம் அது. கஜபதி கேட்காமல் எந்த என்ஜினும் வாசல் தாண்டாது. அயனம்பாக்கம் ஏரிக்குக் கீழே அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்த குடும்பம் அவருடையது. வயல் மனையானதும் அப்பா எஸ்டேட்டில் வாட்ச்மேன் ஆனார். மகன் அதே கேட்டுக்குள் என்ஜின் கழுவும் வேலைக்குச் சேர்ந்து, கழுவிய என்ஜினை ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தார். நீளமான திருப்புளி ஒன்று வைத்திருந்தார். அதன் முனையை ஓடும் என்ஜினில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக் கண்ணை மூடுவார். உடனே லேத்தை நிறுத்துவார்கள். வெல்டிங் நிற்கும். டீ கொண்டுவருகிறவர் சைக்கிள் பெல்லைக் கையால் பொத்திக்கொள்வார். கண்ணைத் திறந்து அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அவர் காதை நம்பியே சோதனை மேடையின் மீட்டர்களை யாரும் கவனிப்பதில்லை. காற்றழுத்த மீட்டரின் முள் எப்போதோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதன் கண்ணாடியில் யாரோ கேலண்டர் முருகனை ஒட்டியிருந்தார்கள்.

புதன்கிழமை சின்ன என்ஜினை மேடையில் பூட்டினார்கள். ரெனிதா ஆபீசில் இருந்தாள். வீரராகவன் ஆக்ஸிலேட்டரைக் கொடுக்க, கஜபதி டர்போவின் மேல் திருப்புளியை ஊன்றிக் கண்ணை மூடினார். கேட்டார். இன்னும் கொஞ்சம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். சுற்றுகிற டர்போ விசில் அடிக்கும், அடித்தே ஆக வேண்டும். ஒன்றுமில்லை. என்ஜின் இழுப்பதற்காக மேடையில் முழு எடையும் ஏற்றுவதற்கு முன்பே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"செத்துப் பூட்ச்சு. டர்போ சுத்தல."

பட்டறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வருத்தம்தான் என்று கஜபதி நினைத்துக்கொண்டார். வீரராகவன் மட்டும், "நல்லா கேட்டியா மச்சான்?" என்றார்.

"நீ வேணா கேளு" என்று திருப்புளியை நீட்டினார் கஜபதி. அதைக் கையில் வாங்கும் தைரியம் அந்தப் பட்டறையில் யாருக்கும் இல்லை.

காரை லடாக்குக்கு ஏற்றிப்போகும் லாரி அடுத்த செவ்வாய் கிளம்புகிறது. வேறு டர்போ வரவழைக்க நாள் இல்லை. போனில் விஷயத்தைக் கேட்ட ரெனிதா, செவ்வாய்க்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினாள். பிறகு, "சரிண்ணே, பெருசையே போடுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். தாங்கிகளை வெட்டி நகர்த்தி ஆறு சிலிண்டரைக் காரில் உட்கார வைத்தார்கள்.

சனிக்கிழமை ஏரிக்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தாள். போகும்போது ஊரே திரும்பிப் பார்த்தது. நீர்க்கோழிகள் கூட்டமாக எழுந்து பறந்தன. திரும்பி வந்தவளின் முகமெல்லாம் பல்லாக இருந்தது. அப்புறம் கஜபதி தகரத்தை எடுத்து என்ஜினின் வாயில் பூட்டினார். இந்த முறை நீர்க்கோழிகள் அசையவே இல்லை. பின்னால் வந்த பால்காரரின் டிவிஎஸ் ஃபிஃப்டி காரைத் தாண்டிப் போனது. போகிறபோது பால்காரர், "தள்ளணுமாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"பரவால்லண்ணே" என்றாள் ரெனிதா. "மெதுவா ஏறிக்கிறேன். படுத்துச்சுன்னா அந்த லாரிக்காரர் நம்பர் இன்னும் என்கிட்ட இருக்கு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னாள்.

கஜபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை. இறங்காததற்கு இன்னொரு காரணம், பருப்பு தீய்ந்திருந்தது.

பருப்பு தீய்வது அந்த வீட்டில் புதிது அல்ல. அவருடைய மனைவி பார்வதம், நோயாளி கவனிப்புப் படிப்பு முடித்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர். அவருக்குக் காலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் குக்கர் கஜபதி பொறுப்பு. மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைக்க வேண்டும், அவ்வளவுதான். கஜபதி பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பருப்பு கரியாகும். "விசிலே வரல" என்பார். குக்கரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அதன் ரப்பரை மாற்றினார். வெயிட்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்தார். மூடியின் விளிம்பைக்கூட வால்வு தேய்ப்பது போலத் தேய்த்துக்கொடுத்தார். அப்படி ஒரு குக்கர் அந்தத் தெருவில் எவர் வீட்டிலும் இல்லை. பருப்பு தீய்ந்துகொண்டுதான் இருந்தது.

"குக்கர் நல்லாத்தான்யா கீது" என்று பார்வதம் பலமுறை சொல்லிவிட்டார். "உன் காதைக் கழட்டிப் பாரு."

"போமே. என் காதை நம்பி எஸ்டேட்டே ஓடிகினு கீது."

பார்வதம் அதற்குமேல் வாதாட மாட்டார். காது போனவர்களைத் தினமும் பார்க்கிறவர் அவர். கீச்சுக் குரல்தான் முதலில் போகும், கட்டைக் குரல் கடைசி வரை நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். கத்தினால் பிரயோஜனம் இல்லை என்பதும் தெரியும். எப்போதிலிருந்தோ வீட்டில் புருஷன் முகத்துக்கு நேராக நின்று தணிந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தார். பெண்டாட்டிக்கு இந்த வயதில் சாந்தம் வந்துவிட்டது என்று கஜபதி நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரெனிதா தன் சிவப்புக் காரிலேயே வந்தாள். பயணத்துக்கு முன்னால் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போ என்று பார்வதம் சொல்லியிருந்தார். மீன் குழம்பு தயார். ரெனிதாவுக்குப் பிடிக்கும் என்று கடலைப்பருப்புக் கூட்டுக்குக் குக்கர் அடுப்பில் ஏறியிருந்தது. பார்வதம் துணி எடுக்க மாடிக்குப் போகும்போது, வழக்கம் போலப் புருஷனிடம் மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். ரெனிதா சமையலறை வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, லாரியில் காரை எப்படிக் கட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு நடுவில் இரண்டு முறை நின்று, அடுப்பைப் பார்த்து, மறுபடி தொடர்ந்தது. மூன்றாவது முறை நின்றபோது, "அண்ணே, மூணாச்சு" என்றாள்.

"இன்னாமா மூணு?"

"விசில்ணே. அக்கா மூணு விரலைக் காட்டிட்டுப் போனாங்களே, அடுப்பை அணைக்கணும்ல."

கஜபதி திரும்பிப் பார்த்தார். நாலாவது விசில் அப்போதுதான் வந்தது. வெயிட் எழும்பி ஆடியது. அதன் கீழிருந்து ஆவி பீறிட்டுச் சுவரின் டைல்ஸ் வரை அடித்தது. டைல்ஸில் நீர் கோடு கோடாக இறங்கியது. இத்தனையும் நடந்தது. அவருக்குக் கேட்டதெல்லாம் ஃபேன் சத்தம்.

அடுப்பை அணைத்தார். திருகைப் பிடித்த கையை எடுக்காமலே கேட்டார்.

"ரெனிதாம்மா, இது இப்ப கத்துச்சா?"

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்ணே."

"நல்லா சத்தமா?"

"அண்ணே, என்ன ஆச்சு?"

கஜபதி குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவம் அந்த ரப்பர், பாவம் அந்த வெயிட். பிறகு அவர் மனசு குக்கரிலிருந்து நேராகப் பட்டறைக்குப் போனது. புதன்கிழமை, கண்ணை மூடி, ஒன்றுமே கேட்காமல். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. நல்லா கேட்டியா மச்சான்.

"அந்தச் சின்ன என்ஜின் சாவலமா" என்றார். "அது விசில் அடிச்சிகினுதான் இருந்திருக்கும். எனக்குத்தான் கேக்கல. என் காது பூட்ச்சு."

மாடிப்படியில் துணிக்கூடையுடன் பார்வதம் இறங்கி வந்துகொண்டிருந்தார். "ஒத்துக்கினியா?" என்றார். "அப்பாடா. இனிமே கூட்டு தீயாது. உக்காரு, சாப்பிட்டுப் போய் இன்னா பண்ணணுமோ பண்ணு. வெறும் வயித்தோட போயி அங்க மயங்கி வுழாத."

சாப்பிட்டார்கள். கஜபதி மீனை முள்ளோடு விழுங்காததே அதிசயம். மூன்று பேரும் பார்வதத்தின் ஸ்கூட்டரில் ஏற முடியாது என்பதால், கஜபதி அந்தச் சிவப்புக் காருக்குள் விழுந்தார், பார்வதம் வண்டியில் பின்னால் வந்தார்.

பட்டறை பூட்டியிருந்தது. வீரராகவன் மதியத் தூக்கத்திலிருந்து, சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டபடி சாவியோடு வந்தார். அவரோடு லேத் ஓட்டும் சின்னப்பையனும் வந்தான். பெயர்தான் சின்னப்பையன், வயது ஐம்பது. கஜபதி வழியில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோக, நேராகக் கேட்டார்.

"டேய், புதங்கெழம அந்த டர்போ விசில் அடிச்சிச்சா, இல்லியா?"

வீரராகவன் குனிந்து சட்டைப் பட்டனைச் சரியாக மாற்றிப் போட ஆரம்பித்தார்.

"சொல்லுங்கடா. எனக்குக் காது அவுட்டு. வீட்ல குக்கரே கேக்கல. அடிச்சிச்சா?"

"காதைக் கிழிச்சிச்சு அண்ணாத்தே" என்றான் சின்னப்பையன்.

"அப்ப ஏன்டா வாயைத் தொறக்கல?"

"நீயே இல்லன்ட்டியே. உனக்கே கேக்கலன்னா அது விசிலே இல்ல போலன்னு வுட்டுட்டேன். பக்கத்துக் கம்பெனில பாய்லர் கத்துதுன்னு நெனச்சிகினேன்."

"பக்கத்துக் கம்பெனி மூடி ரெண்டு வருசம் ஆவுதுடா!"

முதலில் சிரித்தது பார்வதம்தான். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்து ரெனிதா. வீரராகவன் சிரிப்பை அடக்கப் பார்த்து, "நான் கேட்டேனே மச்சான், நல்லா கேட்டியான்னு" என்று சொல்லும்போதே உடைந்துபோனார். கஜபதி திட்டத்தான் வாயைத் திறந்தார். அவருக்கும் சிரிப்புதான் வந்தது. இத்தனை நாள் ஒரு பட்டறை முழுக்க நல்ல காது வைத்துக்கொண்டு, கேட்காத காதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறது.

"சரி, சிரிச்சது போதும்" என்றார் பார்வதம். "காது இல்லாட்டி பொழைக்க முடியாதா? எங்க இல்லத்துல டாக்டர் வர்ற வரைக்கும் நாங்க கைய வெச்சித்தான் பாக்குறோம். ஜுரமா, நாடி எப்படி, எல்லாம் கைதான். உனக்கும் ரெண்டு கீது."

கஜபதி கொஞ்சம் யோசித்தார். சின்ன என்ஜின் இன்னும் மேடையில்தான் இருந்தது. டர்போவிலிருந்து என்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் தடித்த ரப்பர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். தொளதொளவென்று இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணுடா. இந்த வாட்டி முழு எடையும் ஏத்து" என்றார்.

என்ஜின் பிடித்தது. எடை ஏற ஏற, குழாய் அவர் கைக்குள் மெல்ல உப்பியது. இறுகியது. அப்புறம் கட்டை போல ஆகி அவர் விரல்களைத் தள்ளியது. கஜபதி கண்ணை மூடவில்லை. பார்வதத்தைக் கூப்பிட்டு அவர் கையையும் குழாயில் வைத்தார்.

"பிபி பட்டை மாதிரி இறுகுதுய்யா!"

"இப்ப பாரு." தகரத்தை எடுத்து என்ஜின் காற்றிழுக்கும் வாயில் பூட்டினார். ஏரிக்கரையில் பெரிய என்ஜினை மடக்கிப்போட்ட அதே தகரம். சின்ன என்ஜின் ஒரு கணம் திணறியது. குழாய் கொஞ்சம் தளர்ந்தது. கஜபதி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ரெனிதா வந்து தன் கையையும் வைத்தாள். இப்போது குழாயில் மூன்று பேர் கை. டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற ஆரம்பித்திருக்க வேண்டும். குழாய் மறுபடி உப்பியது, முன்பு போல இல்லாவிட்டாலும் கையைத் தள்ளும் அளவுக்கு. என்ஜின் எவ்வளவு எடையை இழுக்கிறது என்று காட்டும் தராசு முள் கொஞ்சம் இறங்கி, அங்கேயே நின்றது. ஆறு சிலிண்டரில் பாதி பலம் போனது. இதில் ஒரு துண்டுதான் போனது.

"விசில் எப்படிடா கீது?" என்று கத்தினார் கஜபதி.

"பேஜாரா கீது!" என்று காதைப் பொத்திக்கொண்டு கத்தினார் வீரராகவன்.

என்ஜினை நிறுத்தியதும் கஜபதி கையைக் கழுவாமலே தீர்ப்பைச் சொன்னார். "மலைக்கு இதான். பெருசைக் கழட்டு."

"அண்ணே" என்றாள் ரெனிதா. "அந்த லாரிக்காரர் நம்பரை அழிச்சிரவா?"

"வெச்சிக்கமா. கீழ வந்தப்புறம் உருளைக்கிழங்கு வாங்கலாம்."

திரும்பிப் போகும் வழியிலேயே பார்வதம் வண்டியை ஓரமாக நிறுத்தி, காது டாக்டருக்குப் போன் செய்து, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டார். கஜபதி வேண்டாம் என்று சொல்ல முயன்றார். பார்வதம் அவர் முகத்துக்கு நேராக வந்து, தணிந்த குரலில் இன்னொருமுறை சொன்னார். கஜபதி வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை கஜபதி பட்டறைக்கு நேராக வரவில்லை. பாடியில் கடை திறக்கும்வரை நின்று புதிய காற்றழுத்த மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். சோதனை மேடையின் பழைய மீட்டரைக் கழற்றி, அதிலிருந்த முருகனைக் கிழியாமல் உரித்துச் சுவரில் ஒட்டினார். புதிய மீட்டரை வைத்து, காதுக்குப் பின்னால் வைத்துப் பழகிய அந்த நீளத் திருப்புளியாலேயே அதன் திருகுகளை இறுக்கினார். முள் ஆடுகிறதா என்று குழாயில் ஊதிப் பார்த்தார். ஆடியது. திருப்புளியை மற்ற திருப்புளிகளோடு டப்பாவில் போட்டுவிட்டு, சின்னப்பையனைப் பார்த்து, காரிலிருந்து பெரிய என்ஜினைத் தூக்கச் சங்கிலியை இழுக்கச் சொன்னார்.